தம்பிக்கு யாரும் சொல்லவில்லை

என் அப்பாவை அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தினார்கள். எங்கள் குடும்பத்தில் இந்த வாக்கியத்தை இதுவரை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. "வந்துட்டாக" என்பார்கள். "அங்கன சரிப்படல" என்பார்கள். பெரியப்பா ஊருக்குச் சொன்ன கதை இன்னும் வேறு. நான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பிடித்தார்கள், மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள், கையில் விலங்கு மாட்டி விமானம் வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள்.

இதை இப்போது எழுத வைத்தது ஒரு மத்தியானச் சாப்பாடு. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் உடன் வேலை செய்பவர் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்திலிருந்து வரிசையாக ஆட்கள் இறங்குகிறார்கள். தலை குனிந்திருக்கிறது, கையில் சங்கிலி.

"திருட்டுத்தனமாப் போனா இப்படித்தான் அனுப்புவான். அவன் நாடு, அவன் சட்டம்" என்றார்.

"அவங்க பிள்ளைங்க எங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

"பிள்ளைங்களா? எங்கனயாச்சும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்.

நல்ல மனிதர்தான். எனக்கு உடம்பு சரியில்லாதபோது வீட்டிலிருந்து ரசம் கொண்டுவந்து தந்தவர். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. டப்பாவை மூடிவிட்டு எழுந்துபோனேன். எங்கனயாச்சும் இருக்கும் பிள்ளைகளில் நான் ஒருத்தி. என் தம்பி இன்னொருவன்.

அப்பா விருதுநகர்க்காரர். பெரியப்பாவும் அவரும் இரண்டே பேர். பெரியப்பாவுக்கு நாரணாபுரத்துப் பக்கம் பட்டாசு கம்பெனி. அப்பாவுக்கு அந்தத் தொழிலில் பிடிப்பு இல்லை, கம்ப்யூட்டர் படித்தார். எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது வேலை விசாவில் எங்களை நியூ ஜெர்சிக்குக் கூட்டிப்போனார். முறையான விசா, முறையான பயணம். அதை இப்படி அழுத்திச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. முறையில்லாமல் போயிருந்தால் மட்டும் எங்களுக்கு நடந்தது சரியாகிவிடுமா? சில வருடங்களில் வேலைக்கு எடுத்த கம்பெனி ஆட்களைக் கழித்துக் கட்டியது. வேலையோடு விசாவும் போனது. அப்போதே ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பாததற்குத் தம்பி காரணம்.

தம்பி அங்கே பிறந்தான். பிறவியிலேயே காது கேட்காது. காது மெஷின் வைத்துப் பார்த்தும் பலனில்லை. ஆனால் அங்கே அரசுப் பள்ளியில் அவனைப்போன்ற பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருந்தது. மூன்று வயதில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் அவன் கை பேச ஆரம்பித்துவிட்டது. அதுவரை எதற்கெடுத்தாலும் தரையில் விழுந்து புரண்ட பிள்ளை, தண்ணீர் வேண்டும், அது சூடாக வேண்டாம், நீல டம்ளரில் வேண்டும் என்று கேட்டான். அம்மா அன்றைக்குச் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதாள். இந்தப் பிள்ளையை எப்படி அந்த வகுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்புவார்கள்? தங்கிவிட்டார்கள். அப்பா பெட்ரோல் பங்கில் நின்றார். அம்மா ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யப் போனாள்.

சனிக்கிழமைகளில் வீட்டாருக்கும் சைகை மொழி வகுப்பு உண்டு. அப்பாவும் நானும் விடாமல் போனோம். அம்மாவால் முடியவில்லை. வார விடுமுறையில்தான் ஹோட்டலில் வேலை அதிகம். நாங்கள் சொல்லித்தந்த அளவுக்கு அவளுக்கு வந்தது. சாப்பிடு, குளி, தூங்கு, வலிக்குதா, போதுமா. அப்பாவும் தம்பியும் அப்படியில்லை. இரண்டு பேரும் ஓயாமல் பேசுவார்கள். அப்பா சொல்லும் நரிக்கதைக்குத் தம்பி குறுக்குக் கேள்வி கேட்பான். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் கையைப் பேச்சுக்குக் கொடுத்துவிட்டு ஸ்பூனைக் கீழே போட்டுவிடுவார்கள். தம்பி அப்பாவுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தான். கன்னத்தில் விரல்களைச் சொரசொரவென்று தேய்ப்பான். சவரம் செய்யாத முகம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் மட்டும் வழங்கிய பெயர் அது.

அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. ஒருநாள் சாயங்காலம் அவனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அப்பா காரை எடுத்துக்கொண்டு போனார். பின்பக்க பிரேக் லைட் ஒன்று எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. லைசென்ஸ் காலாவதியாகியிருந்தது. விசா இல்லாமல் புதுப்பிக்க முடியாது. ரோட்டோரத்திலிருந்தே கொண்டுபோய்விட்டார்கள். அன்று காலை எனக்குப் பிடித்த பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு போன மனிதரை அடுத்து நான் விருதுநகரில்தான் பார்த்தேன்.

பள்ளியிலிருந்து போன் வந்தது. அம்மா வேலையில் இருந்தாள், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவோடு நான் போனேன். தம்பி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னத்தைத் தேய்த்து, எங்கே என்று கேட்டான். "வேலை" என்றேன். எனக்கும் வேறெதுவும் தெரியாது.

அடைத்து வைத்திருந்த இடத்திற்கு எங்களில் யாரும் போக முடியாது. அம்மா போனால் அவளையும் பிடித்துக்கொள்வார்கள். அப்பா போன் பண்ணுவார். அம்மா பேசுவாள், நான் பேசுவேன். தம்பி எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான். போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்ப்பான், பிறகு எங்களிடமே தந்துவிடுவான். அவன் வரைக்கும் அப்பா ஒரு காலையில் கிளம்பிப் போனார், அவ்வளவுதான். நாடு கடத்தல் என்பதை ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல அம்மாவிடம் இருந்த சொற்கள் சாப்பிடு, குளி, தூங்கு. எனக்குத் தெரிந்த சைகையில் நான் சொல்லியிருப்பேன். அம்மா தடுத்தாள். பள்ளியில் போய்ச் சொல்லிவிடுவான் என்ற பயம்.

அப்பாவை அனுப்பியபின் அம்மா எங்களைப் பங்கு வைத்தாள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

"நீ அப்பாட்ட போ. இங்கன ஒனக்குன்னு ஒரு பேப்பரும் கிடையாது. தம்பி இங்கன பொறந்தவன், என்னையப் பிடிச்சாலும் அரசாங்கம் அவனைப் பாத்துக்கிடும். ஒன்னைய என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

"நீங்க ரெண்டு பேரும்?"

"பொறகு வாரோம். அவன் கொஞ்சம் படிச்சிக்கிடட்டும்."

திருச்சிக்குக் கிளம்பிய ஒரு அம்மாவோடு என்னை அனுப்பினாள். விமான நிலையத்தில் தம்பி என் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். அம்மாவைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு தாயை அப்படிக் கணக்குப் போட வைத்தவர்கள் யாரையும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

விருதுநகரில் பெரியப்பா வீட்டு மாடியில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அப்பா இளைத்துப் போயிருந்தார். அவர் வந்து இறங்கிய கதையைப் பின்னால் அவரே சொன்னார். சென்னை விமான நிலையத்திலிருந்து வெளியே வரும்போது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பெல்ட்டும் பர்ஸும் ஷூ லேஸும் மட்டும் இருந்தன. காரோடு வந்திருந்த பெரியப்பா நேரே ஒரு கடைக்குக் கூட்டிப்போய் அவருக்கு இரண்டு ஜோடி உடுப்பும் பெரிய பெட்டி ஒன்றும் வாங்கினார். விருதுநகரில் கார் நின்றதும் டிரைவர் அந்தப் பெட்டியைக் கனக்கிற மாதிரி இறக்க வேண்டும் என்று உத்தரவு. காலிப் பெட்டி. தெருவே பார்த்தது.

நான் வந்த மறுநாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"யாராச்சும் கேட்டா என்ன சொல்லணும்? அப்பா இங்கன பிசினஸ் பாக்க வந்திருக்காக. அம்மாவும் தம்பியும் அடுத்த லீவுல வருவாக. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் பேசப்பிடாது. வெளங்குதா?"

விளங்கியது. பள்ளியில் தமிழ் எழுதத் தெரியாது என்று என்னை இரண்டு வகுப்பு கீழே உட்கார வைத்தார்கள். பக்கத்துப் பெண்களின் கேள்வி ஒன்றேதான். அமெரிக்காவை விட்டுவிட்டு யாராவது வருவார்களா? பெரியப்பா சொல்லித்தந்ததைச் சொன்னேன். அடுத்த லீவு வந்தது, போனது. அதற்கு அடுத்ததும் போனது. "ஒங்கம்மா ஒங்கப்பாவ விட்டுட்டுப் போயிட்டாகளா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் வீட்டில் அப்படித்தான் பேசிக்கொண்டார்களாம். நாங்கள் சொன்ன பொய்யின் இடைவெளியில் ஊர் தன் கதையை வைத்து அடைத்தது. அந்தக் கதையில் என் அம்மா கெட்டவள். பெரியப்பாவுக்கு அதில் வருத்தமில்லை. தன் தம்பி, என் அப்பா, விலங்கோடு வந்தான் என்பதைவிடத் தம்பி பெண்டாட்டி சரியில்லை என்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போவோம். அங்கே அது சனிக்கிழமை ராத்திரி. அம்மா லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பாள். தம்பி கன்னத்தைத் தேய்ப்பான். அப்பா இரண்டு கையாலும் பேச ஆரம்பிப்பார். பக்கத்துத் தடுப்பிலிருந்து பையன்கள் எட்டிப்பார்த்துச் சிரிப்பார்கள். அது போகட்டும். நெட் அடிக்கடி நின்றுபோகும். மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரலாவது வரும். அப்பாவுக்கும் தம்பிக்கும் கைதானே குரல். அப்பாவின் கை பாதிச் சொல்லில் உறைந்துவிடும். மறுபடி படம் அசையும்போது தம்பி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார், திரும்ப உறையும். ஒருநாள் பத்து நிமிடத்தில் அப்பா அவனிடம் சொல்ல முடிந்த ஒரே வாக்கியம், "பல் விழுந்ததா, காட்டு."

வருடங்கள் போகப் போகத் தம்பி திரைக்கு வருவது குறைந்தது. "வெளையாடப் போயிட்டான்" என்பாள் அம்மா. கடைசியில் அப்பா அம்மாவுடன் மட்டும் பேசிவிட்டு எழுந்து வருவார். வரும் வழியில் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கமாட்டார்.

எனக்குப் பதினான்கு வயதாகும்போது பெரியப்பா மகளுக்கு, என் அக்காவுக்கு, நிச்சயம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீடு சிவகாசியில் பிரிண்டிங் தொழில். கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் மாமா அப்பாவைப் பார்த்து, "கிரீன் கார்டெல்லாம் இருக்கும்ல?" என்றார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார். "இல்லாம? நெனச்சா நாளைக்கே ஏறிருவான். இங்கன கம்பெனிய யாரு பாக்கன்னு நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்."

அந்த மாமா என் பக்கம் திரும்பினார். "அம்மா நிச்சயத்துக்குக்கூட வரலியேம்மா. கல்யாணத்துக்காச்சும் வருவாகளா?"

பெரியம்மா என்னை முறைத்தது தெரிந்தது. நான் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"வர மாட்டாக. வந்தா திரும்பிப் போக விடமாட்டாங்க, தம்பி அங்க தனியா இருக்கணும். எங்கப்பாட்ட கார்டெல்லாம் ஒண்ணும் இல்ல. அவகளப் பிடிச்சு அடச்சு வச்சு, விலங்கு போட்டு அனுப்புனாங்க."

யாரோ தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மாமா, "அப்படியா" என்றார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

விருந்தாளிகள் போனபின் பெரியப்பா அப்பாவிடம் சத்தம் போட்டார். "ஏலே, பிள்ளை வளத்த லட்சணம் இதானா? நான் மூடி மூடி வைக்கேன், இவ சபையில வச்சுத் தொறந்து காட்டுதா."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ பொய் சொல்லலையே அண்ணே."

அண்ணனை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அக்காவின் கல்யாணம் ஒன்றும் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரியப்பாவின் கம்பெனி போதும், அப்பாவின் கார்டு அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அத்தனை வருடம் எங்களைப் பொய்யில் ஊறப்போட்டது யாருக்காக என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த மாதமே அப்பாவை அதுவரை வேலை பார்த்த நாரணாபுரம் ஆபீஸிலிருந்து எடுத்து ஏழாயிரம்பண்ணைக் குடோனுக்கு மாற்றினார் பெரியப்பா. ஆபீஸ் நாலு பேர் வந்துபோகிற இடமாம். நாங்கள் சிவகாசியில் வாடகை வீடு பார்த்து மாறினோம். அப்பா விடிந்ததும் வேலையாட்கள் போகும் வேனில் ஏறிப் போவார். பெட்டிகளை எண்ணி லோடு ஏற்றிவிட்டு, சாயங்காலம் அதே வேனில் வருவார். கார் ஓட்டுவதை அவர் அமெரிக்காவிலேயே விட்டுவிட்டார். ஸ்டீயரிங் பக்கம் போவதேயில்லை.

கல்லூரிக்கு வந்ததும் எனக்கென்று ஒரு போன் கிடைத்தது. அதற்கப்புறம் தம்பியோடு தினமும் பேசினேன். மறந்த சைகைகளையெல்லாம் அவனிடமே திரும்பக் கற்றேன். நான் ஓரிரு முறை அவர்களைப் பார்த்துவர விசா கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர் அம்மா எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். பொய் சொல்லவில்லை. மறுத்துவிட்டார்கள். அம்மா இருக்கிற இடம் தெரிந்தால் பிள்ளை அங்கே போகக்கூடாது என்பது அவர்கள் நியாயம்.

பதினெட்டு வயதானதும் தம்பி தானாக டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்குத் தடையில்லை, அவன் பாஸ்போர்ட் வேறு. மதுரையில் இறங்கி வந்தவன் அப்பாவைவிட உயரமாக இருந்தான். அப்பா ஓடிப்போய் அவன் முன்னால் நின்று கையை எடுத்தார். "பசி? பால்?"

பன்னிரண்டு வருடத்திற்கு முன் விட்ட இடத்தில் அவர் சைகை நின்றிருந்தது. ஆறு வயதுப் பிள்ளையிடம் பேசும் சைகை. தம்பி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சாப்பிட்டுவிட்டேன்" என்றான். அவன் கை ஓடுகிற வேகத்தில் அப்பாவுக்கு அதுகூடப் பிடிபடவில்லை, என்னைப் பார்த்தார். பெற்ற அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்று நான் மொழிபெயர்த்தேன். அப்பா என்று சொல்லும்போது தம்பி கன்னத்தைத் தேய்க்கவில்லை. புத்தகத்தில் உள்ளபடி நெற்றியில் கட்டைவிரலை வைத்தான். எல்லார் அப்பாவுக்கும் உள்ள சைகை.

அப்பா வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஏழாயிரம்பண்ணைக்குப் போனோம். குடோன் பூட்டியிருந்தது. வேன் நிறுத்தும் கொட்டகை நிழலில் உட்கார்ந்தோம். சுற்றிலும் காய்ந்த கரிசல் காடு. தம்பி பூட்டிய கதவையும் வெளியே எழுதியிருந்த எச்சரிக்கையையும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அப்பா பக்கம் திரும்பிக் கேட்டான்.

"நீங்கள் ஏன் வழக்கு நடத்தவில்லை? போகச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டீர்களாம். ஏன்?"

நான் தமிழில் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"உள்ள இருந்தா எம்புட்டு நாள்னு தெரியாது. போன்லதான் பேச விட்டாங்க. போன்ல இவங்கிட்ட நான் என்னத்தப் பேச? ஊருக்குப் போயிட்டா வீடியோலயாச்சும் இவனப் பாக்கலாம்னு நெனச்சேன்."

நான் அதைக் கையால் சொல்லி முடித்தேன். தம்பி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தான். பிறகு பேசினான். நிறுத்தாமல் பேசினான்.

"அன்று காலை நான் அடம்பிடித்தேன். ஸ்கூல் வேனில் வரமாட்டேன், நீங்கள் வந்து கூட்டிப்போக வேண்டும் என்றேன். சரி என்றீர்கள். வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை. என் அடம் பொறுக்காமல் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அக்காவும் போய்விட்டாள். அடுத்தது அம்மா என்று நினைத்தேன். அதனால் அம்மாவிடம் நான் எதுவும் கேட்டதில்லை. ஷூ கிழிந்தாலும் சொல்லமாட்டேன். பதிமூன்று வயதில் பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லித்தான் நாடு கடத்தல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் இருந்தீர்கள். என் மொழியில் ஒரு ஆள் எனக்குச் சொல்லவில்லை."

"என்ன சொல்லுதான்?" என்றார் அப்பா. "என்ன சொல்லுதான், சொல்லு."

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். விட்டிருந்தால் இன்னொரு பொய்.

அப்பா எழுந்து அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எனக்காகக் காத்திருக்கவில்லை. தெரிந்த சைகைகளை வைத்து அவரே சொன்னார். "நீ இல்லை. போலீஸ். கார். லைட். நீ இல்லை." சில சைகைகள் தப்பாக வந்தன. மறுபடியும் "நீ இல்லை" என்றார்.

தம்பி அவர் கையைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். "தெரியும்" என்றான். "இப்போது தெரியும். அப்போது தெரியவில்லை." அவ்வளவுதான். அவன் அப்பாவைக் கட்டிப்பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை. தள்ளிவிடவும் இல்லை. எழுந்து பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்பாவுக்கும் நீட்டினான். திரும்பும்போது விருதுநகர் வரை போனோம், அங்கே எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டான், அப்பா தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டான். அந்தக் கன்னத்தைத் தேய்க்கும் பெயர் மட்டும் அவன் கையில் திரும்ப வரவேயில்லை.

அவன் போனபின் எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இருபத்தொரு வயதானால் அவன் அம்மாவுக்காக விண்ணப்பிக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அம்மா விசாவில் நுழைந்தவள், அதனால் வழி உண்டாம். அந்த ஒரு பிறந்தநாளுக்காகத்தான் அவள் அத்தனை வருடம் பிறர் படுக்கைகளை விரித்துக்கொண்டு, கார் ஓட்டாமல், சத்தம் போடாமல் வாழ்ந்தாள்.

இந்த வருடம் அவள் வேலை பார்த்த ஹோட்டலுக்குக் குடியேற்றத் துறை ஆட்கள் வந்தார்கள். கூட வேலை செய்த இரண்டு பெண்களைச் சலவை அறையிலிருந்து கூட்டிப்போனார்கள். அம்மாவுக்கு அன்று விடுமுறை. அதன்பின் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ரத்த அழுத்தத்துக்கு டாக்டரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்கக்கூடப் போகவில்லை. ஜன்னலுக்குப் போர்வை கட்டினாள். தம்பி கல்லூரி முடிந்து வரும்வரை விளக்குப் போடுவதில்லை.

ஒருநாள் தம்பி வீடியோவில் சொன்னான். "அம்மாவை ஊருக்கு அனுப்புகிறேன்."

"இன்னும் ஒரு வருஷம்தானே?" என்றேன். "இப்ப வெளிய வந்தா பத்து வருஷம் உள்ளே விடமாட்டாங்க."

"எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாள் நான் வீட்டுக்கு வரும்போது இவளும் காணாமல் போயிருப்பாள். என்னால் இன்னொரு தடவை முடியாது. இந்தத் தடவை நானே கொண்டுபோய் விடுவேன். எந்த வாசலில் நுழைந்தாள் என்று பார்ப்பேன்."

அவனே காரில் கொண்டுபோய் விட்டான். அந்தப் பயணத்துக்கு அங்கே ஒரு பெயர் உண்டு, தாமாக முன்வந்து வெளியேறுவது என்று. தாமாக. யார் சொன்னது? இருட்டு வீட்டில் மாத்திரை இல்லாமல் உட்கார்ந்திருந்த பெண் தாமாகக் கிளம்பினாளாம்.

மதுரை விமான நிலையத்தில் அம்மா இறங்கியது சாயங்காலம். முடி நரைத்து, நான் நினைவில் வைத்திருந்ததைவிடக் குட்டையாக இருந்தாள். என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பதினொரு வயதில் அனுப்பியவளை இருபத்தைந்தில் பார்க்கிறாள். அப்பாவைப் பார்த்து, "மெலிஞ்சுட்டீகளே" என்றாள். அப்பா, "ப்ளேன்ல சாப்பாடு தந்தாங்களா?" என்றார்.

நான்தான் கார் ஓட்டினேன். காரியாபட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது தம்பி வீடியோவில் வந்தான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. எனக்காகத்தான் அலாரம் வைத்து எழுந்திருக்கிறான் என்று நினைத்தேன், அம்மாவுக்காக எழுந்திருக்கிறான். அம்மா போனை வாங்கி ஒற்றைக் கையால், "சாப்பிடு" என்றாள். ஃபிரிட்ஜைத் திறப்பதுபோல் கையைக் காட்டினாள், சாம்பார், மேல்தட்டு என்று எதையோ சொல்ல முயன்றாள். வரவில்லை.

"அது மேலன்னு இல்ல, வானம்னு அர்த்தம்" என்றார் அப்பா.

"நீங்க சொல்லுங்க அப்ப."

அப்பா சொன்னார். அவருக்கும் பாதிதான் வந்தது. தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "புரிந்தது" என்றான். எனக்கு அது பொய் என்று தெரியும். பிறகு என்னிடம், அம்மா மாத்திரையை நாளைக்கே வாங்கச் சொன்னான், மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாக விரலில் காட்டினான். கல்லூரிக்குக் கிளம்ப வேண்டும், இரவு கூப்பிடுகிறேன் என்றான். அவனுக்குப் பின்னால் ஜன்னலில் அந்தப் போர்வை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்காக இனி, அதை எடுத்துவிடு என்று சொன்னேன். "பழகிவிட்டது" என்றான்.

போன் அணைந்தது. அம்மா பின் சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டைத் தேடிப் போட்டுக்கொண்டாள். அப்பா முன் சீட்டில் உட்காரப் போனவர் கதவை மூடிவிட்டு, சுற்றிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வண்டியை எடுத்தேன். விருதுநகர் வரும்வரை மருந்தின் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.